முதுநிலை மருத்துவப் படிப்பைப் பாதியில் விடலாமா: முதலாண்டு மாணவி ஒருவருக்குப் பதில்

மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் 30 மணி நேரத்துக்கும் மேல் லேபர் வார்டில் நிற்கிறேன், அறைக்குத் திரும்பினாலும் தூக்கம் வருவதில்லை, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன், சீட்டை விட்டுவிடலாமா என்று எழுதியிருந்தீர்கள். அப்பா வாங்கிய கடனையும் பாதியில் விட்டால் பணம் கட்டுவதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த பாண்டையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு, "மற்றவர்களால் முடிகிறதே, என்னால் மட்டும் ஏன் முடியவில்லை?" என்று முடித்திருந்தீர்கள். கேள்வியின் பாரம் முழுவதும் அந்தக் கடைசி வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. விடலாமா என்று கேட்பதற்கு முன்பே, விட நினைப்பதற்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். அந்தக் கூண்டில் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு, விடுவதாக இருந்தாலும் விடாமல் இருப்பதாக இருந்தாலும், நல்ல முடிவாக அமைவது அரிது.

நான் மனநல மருத்துவன். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் 24 ஆண்டுகள் பணியாற்றினேன். அந்த ஆண்டுகளில் என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் முதுநிலை மாணவர்களும் கணிசமாக இருந்தார்கள், பெரும்பாலும் ஓ.பி. சீட்டு போடாமல், ஊழியர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கும் நேரத்தில், ஸ்டெதாஸ்கோப்பைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு வந்தவர்கள். படிப்பை விட்டவர்களையும், விடாமல் முடித்தவர்களையும், விட்டபின் வருந்தியவர்களையும், விடாமல் இருந்ததற்காக வருந்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களை நான் பரிசோதிக்கவில்லை. சில வரிகளைப் படித்துவிட்டு நோயின் பெயரைச் சொல்வது மருத்துவம் ஆகாது. ஆகவே எது உறுதி, எது என் அனுபவம் மட்டுமே சொல்வது என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும். காலையில் எழாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்றோ, உயிரோடு இருப்பதே வீண் என்றோ தோன்றியதுண்டா? நீங்கள் அதை எழுதவில்லை; எழுதாததால்தான் கேட்கிறேன். நோயாளிகளின் மனச்சோர்வை அளக்க நாமே நீட்டுகிற பி.எச்.க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வி அதுதான், அதற்கு மட்டும் மருத்துவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பதில் 'ஆம்' என்றால், சீட்டைப் பற்றிய யோசனையை இன்றே நிறுத்தி வையுங்கள். இன்றிரவு தனியாக இருக்காமல் அறைத்தோழியிடமோ வீட்டிலோ சொல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். நாளைக் காலை டியூட்டி இருந்தாலும் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். அந்தப் பார்வைக்காக ஒரு நாள் டியூட்டியைத் தவறவிடுவதைப் பற்றி யூனிட்டில் யார் என்ன சொன்னாலும் அது பொருட்டில்லை.

அடுத்து, "மற்றவர்களால் முடிகிறதே" என்பதைப் பார்ப்போம். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் தந்த அறிக்கையில், இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன 5,337 முதுநிலை மாணவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். விரும்பியவர்கள் மட்டும் பதில் தந்த கணக்கெடுப்பு அது. துன்பத்தில் இருப்பவர்களே அதிகம் பதில் எழுதியிருக்கலாம் என்பதால் அந்த எண்ணிக்கையை நாட்டிலுள்ள எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. என்றாலும் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர் என்பதற்கு அது போதும். அதே அறிக்கை, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு வெகு முன்பே, 1992இல், மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவமனையில் பணியாற்றியபடியே பயிலும் மருத்துவர்களுக்கான தன் ரெசிடென்சி திட்டத்தில் தொடர் பணி 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகளோ மணிக்கணக்கைச் சொல்லாமல் "நியாயமான பணிநேரம்" என்று மட்டும் சொல்லி, வேலையின் தேவைக்கு உட்பட்டு வார ஓய்வும், ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பும் உண்டு என்கின்றன. நீங்கள் நிற்கும் 30 மணி நேரத்தை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மனவலிமையை அளக்க அந்த 30 மணி நேரம் ஒரு அளவுகோல் ஆகாது.

தூக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு விடை காண்பதில் முதல் தடை அதுதான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்துக்கு இணையாகிறது. ஒரு கர்ப்பிணியின் கணவர் அந்த அளவு குடித்திருந்தால், அவரிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க நீங்கள் தயங்குவீர்கள். அதே நிலையில் உங்கள் வாழ்க்கைக்கு நீங்களே கையெழுத்திடப் பார்க்கிறீர்கள். அதனால், மொத்தமாக ஒரு வாரமாவது இரவில் ஏழு மணி நேரம் தூங்கியபின் அன்றி ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது என்பதை நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, மருந்துச் சீட்டாகவே எழுதித் தருவேன்.

உள்ளிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும் மூன்று நிலைகள் உண்டு. முதலாவது மனச்சோர்வு நோய்: இரண்டு வாரத்துக்கும் மேலாக, பெரும்பாலான நாட்களில், மனம் கனத்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருப்பது, தூக்கம், பசி, கவனம் கெடுவது, எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று தோன்றுவது. இது சிகிச்சையால் சரியாகும் நோய். மருந்தின் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும், முழுப் பலனுக்கு அதற்கும் மேல். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே வேடத்தில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் தினமும் நூறு பேருக்கு ஹீமோகுளோபின் எழுதும் மகப்பேறு முதுநிலை மாணவர்கள் தங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வதில்லை. இரண்டாவது வேலையால் வரும் சோர்வு, 'பர்ன்அவுட்' என்கிறோமே, அது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோயாக அன்றி, பணியிட அழுத்தம் சரிவரக் கையாளப்படாததால் வரும் நிலையாக வகைப்படுத்தியது. ஆகவே மாத்திரையால் மட்டும் இது தீராது, பணிச்சூழல் மாற வேண்டும். மூன்றாவது, அந்தத் துறையே நமக்கு ஒத்துவராமல் இருப்பது. இதற்கு மருந்தும் கிடையாது, ஓய்வும் தீர்வாகாது. முதலிரண்டில் ஒன்றை மூன்றாவது என்று எண்ணிச் சீட்டை விடுவதும், மூன்றாவதை முதலாவது என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவதும் நான் கண்ட பெரிய தவறுகள்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய கைபேசி மணியும் லேபர் வார்டு இண்டர்காம் மணியும் ஏறக்குறைய ஒரே ஓசை. அட்மிஷன் இரவு ஒன்றில் பிரசவத்துக்குப் பின் கடும் இரத்தப்போக்கு ஏற்பட்ட தாய் ஒருவர் இறந்தார். மறுநாள் ரவுண்ட்ஸில், பிரசவத்தின் முன்னேற்றத்தைக் குறிக்கும் பார்ட்டோகிராம் தாளில் இரண்டு மணி நேரக் குறிப்பு விடுபட்டிருந்ததற்காக எல்லோர் முன்னிலையிலும் இவரை நிற்க வைத்துக் கேட்டார்கள். அதற்குப்பின் வீட்டிலிருந்து அம்மா அழைத்தால்கூட, மணி ஒலித்ததும் அவருக்குக் கை நடுங்கி வயிற்றைப் புரட்டியது. துறை தனக்கு ஒத்துவரவில்லை என்று உறுதியாக நம்பி, தட்டச்சு செய்த கடிதத்தோடு என்னிடம் வந்தார். எட்டு வாரச் சிகிச்சையும் மூன்று வார விடுப்பும் முடிந்தபின் அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, "இதை எழுதியவள் வேற யாரோ மாதிரி இருக்கு சார்" என்றார். இன்று பிரசவம் பார்க்கிறார். எல்லோருக்கும் இப்படி முடியும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நோய் பேசும்போது அது நம் சொந்தக் குரலிலேயே பேசும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் மூன்றாவது நிலையை எப்படிக் கண்டுகொள்வது? இதற்கு ஆய்வு ஆதாரம் எதையும் நான் காட்டவில்லை. என் அனுபவத்தில் கைகொடுத்த ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. என்னிடம் வருபவர்கள் எல்லோரும் தங்கள் மிக மோசமான நாளை விவரிப்பார்கள். அதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சேர்ந்ததிலிருந்து உங்கள் மிக நல்ல நாள் எது? அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்பேன். மோசமான நாளில் எந்தத் துறையும் வெறுக்கத்தான் வைக்கும். நல்ல நாள்தான் துறையைப் பற்றிய உண்மையைச் சொல்லும். தலைக்குப் பதில் பிட்டமோ காலோ முதலில் வரும் சிக்கலான ஒரு ப்ரீச் பிரசவத்தில் குழந்தை அழுத நொடியை நினைத்ததும் உங்கள் முகம் மாறுகிறது என்றால், உங்களை வதைப்பது பெரும்பாலும் வேலைச்சூழலும் தூக்கமின்மையும்தான். மாறாக, அறுவை அரங்கு காலியாகி கேஸ் தள்ளிப்போன நாள்தான் உங்கள் நல்ல நாள் என்றால், அதுவும் நன்றாகத் தூங்கியபின் கேட்டாலும் அதே பதில் வருகிறது என்றால், அதை நான் மிகவும் பொருட்படுத்துவேன். அறுவை சிகிச்சைத் துறையில் சேர்ந்திருந்த ஒருவர் எனக்கு அப்படித்தான் பதில் சொன்னார். கையில் கத்தி இருக்கும் எந்த நொடியும் அவருக்கு நல்ல நொடியாக இருந்ததில்லை. வெட்டியெடுத்த கட்டியை நோயியல் துறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்த மாலைகளைத்தான் சொன்னார். அவர் விட்டார். மறுபடி நீட் எழுதி நோயியலில் சேர்ந்தார்.

இந்தக் கேள்வியை நான் கற்றது என்னிடமிருந்தே. நானும் விட்டவன். முதலில் பொது மருத்துவத்தில் எம்.டி. சேர்ந்து ஐந்தாம் மாதம் வெளியேறினேன். இன்சுலினை நிறுத்திவிட்டு நினைவிழந்து வந்த இருபது வயதுப் பெண் ஒருத்திக்கு இரவு முழுவதும் மணிக்கொரு முறை சர்க்கரையும் பொட்டாசியமும் பார்த்து விடியற்காலையில் கண்விழிக்க வைத்தோம். யூனிட்டே மகிழ்ந்தது, எனக்கும் அது நல்ல நாள்தான். ஆனால் எண்கள் சீரானதும் எல்லோரும் அடுத்த படுக்கைக்கு நகர, நான் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏம்மா ஊசியை நிறுத்தினே?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதைக் கேட்ட அரை மணி நேரந்தான் அந்த ஐந்து மாதத்தில் எனக்குப் பொருள் உள்ளதாகப் பட்டது. இதைப் புரிந்துகொண்டு நான் வெளியேறியிருந்தால் பெருமையாகச் சொல்லலாம். நடந்தது அதுவல்ல, இரண்டு வாரம் கழித்து, ஒரு டியூட்டி முடிந்த காலையில், யாரிடமும் சொல்லாமல், கேஸ் ஷீட் தாளிலேயே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். முடிவு சரியாக அமைந்தது. எடுத்த விதம் தவறு. அதன் விலையாக, என் அம்மா ஓராண்டு காலம் உறவினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். விட்டவன் என்பதால் விடுவதன் பக்கம் எனக்குச் சாய்வு இருக்கக் கூடும் என்பதையும், நின்று முடித்தவர்கள் "பல்லைக் கடித்துக்கொண்டு இரு, சரியாகிவிடும்" என்று சொல்லும்போது அவர்களுக்கும் அதே அளவு சாய்வு இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் யூனிட்டில் நடப்பது வெறும் வேலைப்பளுவா, அவமதிப்பா என்பதை நீங்கள் எழுதவில்லை. திட்டுவது, கேஸ் ஷீட்டை முகத்தில் எறிவது, சீனியர்களின் சொந்த வேலைகளைச் செய்ய வைப்பது, தண்டனையாகத் தொடர் டியூட்டி போடுவது ஆகியவற்றை 'மன அழுத்தம்' என்ற பெயரால் மூடக் கூடாது. ராகிங் தடுப்பு விதிகள் முதுநிலை மாணவர்களுக்கும் பொருந்தும். தேசிய ராகிங் தடுப்பு எண் 1800-180-5522. பாலியல் தொந்தரவு என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியான உள்ளகக் குழு உங்கள் கல்லூரியில் இருந்தாக வேண்டும். புகார் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நீதி கிடைத்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அதே யூனிட்டில் மீதி இரண்டரை ஆண்டைக் கழிக்க வேண்டியவருக்கு அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆயினும் தேதியும் நேரமும் போட்டுக் குறித்து வையுங்கள். நின்றாலும் விட்டாலும் அந்தக் குறிப்பு உதவும். இன்னொன்று: முதலாண்டின் சுமையில் ஒரு பகுதி படிநிலையால் வருவது, அடுத்த அணி சேர்ந்ததும் கேஸ் எழுதுவதும் இரத்தம் கொண்டுவர ஓடுவதும் உங்கள் கையைவிட்டுப் போகும். சோர்வு மட்டுமே பிரச்சினை என்றால் இந்தக் கணக்கு முக்கியம். அவமதிப்பு என்றால், அதைப் பொறுத்துக்கொள்ள இது காரணமாகாது.

நடைமுறைக்கு வருவோம். விடுப்பையும் விலகலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அனுமதிக்கப்பட்டதற்கு மேல் எடுக்கும் விடுப்பு நாட்கள் அளவுக்குப் படிப்புக்காலம் நீளும் என்பதே விதி. ஆறு வாரம் எடுத்தால் ஆறு வாரம் தாமதமாகத் தேர்வு எழுதுவீர்கள், அல்லது சூழலைப் பொறுத்து ஒரு தேர்வுப் பருவம் தள்ளிப்போகும். உயிரையும் துறையையும் தீர்மானிக்கும் முடிவுக்கு முன்னால் அது சிறிய விலை. கொடுத்த ராஜினாமாவோ ஏற்கப்பட்டபின் திரும்பாது; அந்தச் சீட்டுக்கு மீண்டும் நீட் எழுதித்தான் வர வேண்டும். பாண்டைப் பொறுத்தவரை, தொகையும் நிபந்தனையும் மாநிலத்துக்கு மாநிலம், சேர்ந்த ஆண்டுக்கு ஆண்டு, அரசு ஒதுக்கீடா நிர்வாக ஒதுக்கீடா என்பதற்கேற்ப வேறுபடும். சீட்டை விடுவோரிடம் பெருந்தொகை கேட்கும் முறையைக் கைவிடுமாறும், மாற்றாக ஓராண்டு சேர்க்கையிலிருந்து விலக்கி வைப்பதைப் பரிசீலிக்குமாறும் தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஜனவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மனம் நொறுங்கிய மாணவர்களுக்கு அந்தத் தொகை வெளியேறும் கதவை அடைத்துவிடுகிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அது பரிந்துரை மட்டுமே. ஆகவே சீனியர் சொன்னார், வாட்ஸ்அப் குழுவில் படித்தேன் என்று நம்பாமல், நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தின் நகலையும் சேர்ந்த ஆண்டின் தகவல் கையேட்டையும் எடுத்து, அப்பாவோடு உட்கார்ந்து வரிக்கு வரி படியுங்கள். தெரியாத தொகை இரவில் பெரிதாகிக்கொண்டே போகும்; தெரிந்த தொகை எவ்வளவு பெரிதானாலும் அதற்குத் தவணை போடலாம்.

சிகிச்சைக்குப் போனால் கல்லூரியில் தெரிந்துவிடும், பதிவு போய்விடும் என்ற பயத்தைப் பலர் சொல்வார்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவதால் மருத்துவப் பதிவு போகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்படுவதை உங்கள் உரிமையாக்குகிறது. சொந்தக் கல்லூரியின் மனநலத் துறைக்குப் போகக் கூச்சமாக இருந்தால் வேறு ஊரில் பாருங்கள். நானே பல மாணவர்களை அப்படி அனுப்பியிருக்கிறேன். நீங்களே உங்களுக்குத் தூக்க மாத்திரை எழுதிக்கொள்வது மட்டும் கூடவே கூடாது.

எல்லாம் செய்து பார்த்தபின்னும் விடுவதே சரி என்று படலாம். அப்போது நீங்கள் இழப்பது ஒரு சீட்டும், கொஞ்சம் பணமும், ஓரிரு ஆண்டுகளும். எம்.பி.பி.எஸ். பட்டமும் பதிவும் உங்களிடமே இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றலாம். சமூக மருத்துவம், மயக்கவியல், தோல், நுண்ணுயிரியல், குடும்ப மருத்துவம் என்று மறுபடி எழுதலாம். இரவு டியூட்டி இல்லாத துறை என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தவர்கள் பின்னால் சலித்துப்போனதையும் பார்த்திருக்கிறேன், அங்கேயும் அந்த 'நல்ல நாள்' கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்துக்கு என் யோசனை இது. முதலில் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அவர் தரும் சான்றிதழோடு குறைந்தது மூன்று வார மருத்துவ விடுப்பு கேளுங்கள். யூனிட்டுக்குக் கொடுக்கும் கடிதத்தில் 'மருத்துவக் காரணம்' என்பதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. முதல் வாரம் தூங்குவதைத் தவிர வேறு எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். "படிப்பை விடப் போகிறேன்" என்று தொடங்கினால் அவர் காதில் கடன்தான் விழும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "அப்பா, ஏழு மாசமா எனக்குத் தூக்கம் இல்லை, டாக்டரைப் பார்த்திருக்கேன், மூணு வாரம் வீட்டில இருக்கப் போறேன்" என்று சொல்லுங்கள். மூன்று வாரம் முடியும்போது உங்கள் நல்ல நாள் எது என்று இங்கே எழுதினால், அதைப் படித்துவிட்டு மேலும் சொல்கிறேன்.